சூப்பர்ஹீரோக்கள் அடிக்கலாமா, மிரட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்மேன், சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் கதைகளைப் படிப்பவர்களும் படங்களைப் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கதைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கின்றன. அதனால் சட்டம் வரும் இடங்களில் அமெரிக்கச் சட்டத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். சில கதைகளின் முடிவுகள் வெளிப்படும். இன்னும் படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் கவனத்தில் கொள்ளவும்.

வில்லனை அடிப்பதே தவறா?

இல்லை. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பவனின் கையைத் தட்டிவிட முகமூடியோ அதிகாரமோ தேவையில்லை. தன்னையோ பக்கத்தில் இருப்பவரையோ காப்பாற்றப் பலத்தைப் பயன்படுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மூன்று நிபந்தனைகள்: ஆபத்து அந்தக் கணத்தில் இருக்க வேண்டும், அதைத் தடுக்க அடி தேவைப்பட வேண்டும், அடி ஆபத்தின் அளவை மீறக் கூடாது.

கதைகளில் அடிக்கடி மீறப்படுவது முதல் நிபந்தனைதான். துப்பாக்கி கீழே விழுந்து, ஆள் கட்டப்பட்டுக் கிடக்கும்போது அந்த உரிமை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு குத்தும் தண்டனை. தண்டனை கொடுக்கும் உரிமையை ஹீரோவுக்கு யாரும் தரவில்லை.

சூப்பர்மேன் கதைகளிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. 2013இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில், ஒரு குடும்பத்தை நோக்கி வில்லன் ஸாட் தன் கண்களிலிருந்து தீக்கதிரைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது சூப்பர்மேன் அவன் கழுத்தை முறிக்கிறான். ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் மூன்று நிபந்தனைகளையும் வைத்துப் பார்த்தால் அந்தச் செயல் தேறிவிடும். 1988இல் வந்த ‘சூப்பர்மேன்’ 22ஆம் இதழில் நடப்பது வேறு. கிரிப்டன் கிரகத்துக் குற்றவாளிகள் மூவரின் சக்தியை அவன் முதலில் பறித்துவிடுகிறான். அவர்கள் ஒன்றும் செய்ய முடியாத நிலைக்கு வந்த பிறகு, அந்தக் கிரகத்தவரைக் கொல்லும் பச்சை கிரிப்டோனைட் கல்லைக் காட்டி அவர்களைக் கொல்கிறான். அவர்கள் செய்திருந்த குற்றம் ஸாடின் குற்றத்தைவிடப் பல மடங்கு பெரியது. இருந்தும் இது மரண தண்டனை. நீதிபதியும் அவனே, தண்டனையை நிறைவேற்றுபவனும் அவனே. அந்தக் கதையை எழுதியவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். அடுத்து வந்த இதழ்களில் சூப்பர்மேன் குற்ற உணர்வில் பூமியை விட்டே போய்விடுகிறான்.

மாடியிலிருந்து தலைகீழாகத் தொங்கவிடுவது? கடைசியில் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லையே?

எங்கள் பார்வையில் இந்த வகைக் கதைகளின் மிகப் பெரிய அறச் சிக்கல் இதுதான். குத்துச் சண்டைகளைவிட இது மோசம்.

சூப்பர்ஹீரோ கதைகள் தொடங்கிய நாளிலிருந்தே இந்தக் காட்சி இருக்கிறது. 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில், சூப்பர்மேன் வாஷிங்டனில் ஓர் அரசியல் தரகனைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பிகளின் மேல் ஓடுகிறான். கம்பியில் உட்காரும் பறவைகளுக்கு ஷாக் அடிப்பதில்லை, கம்பத்தைத் தொட்டால்தான் அடிக்கும் என்று விளக்கிக்கொண்டே, கம்பத்தைத் தொடப் போவதுபோல் பாவனை காட்டுகிறான். தரகன் அலறுகிறான். 2005இல் வந்த ‘பேட்மேன் பிகின்ஸ்’ படத்தில், கொட்டும் மழையில் ஊழல் போலீஸ்காரன் ஃபிளாஸைக் கயிற்றில் தலைகீழாக இழுத்து உலுக்குவதும் இதே காட்சிதான்.

இதைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். பிடிபட்டவனால் அந்தக் கணத்தில் யாருக்கும் தீங்கு இல்லை. அதனால் தற்காப்பு என்ற வாதம் நிற்காது. ‘விழுந்து சாகப் போகிறோம்’ என்று அவன் உண்மையாகவே நம்ப வேண்டும். நம்பாவிட்டால் மிரட்டல் பலிக்காது. அப்படியானால் அவன் அனுபவிப்பது மரண பயமேதான். ஹீரோ கையை விடமாட்டான் என்பது வாசகருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் சித்திரவதையை வரையறுக்கும் 2340ஆம் பிரிவு, கடும் மனவேதனையை உண்டாக்கும் வழிகளில் ஒன்றாக உடனடி மரண அச்சுறுத்தலையும் சொல்கிறது. அந்த வரையறை அதிகாரத்தின் பெயரால் செயல்படுபவர்களுக்கு உரியது. தனி ஆள் இதைச் செய்தால் கடத்தல், தாக்குதல் என்ற பெயர்களில் வழக்கு வரும். பெயர் மாறினாலும் தொங்குபவனின் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்ளும்.

‘ஒன்றும் ஆவதில்லை’ என்பது கதாசிரியர் தரும் சலுகை. நனைந்த கயிறு வழுக்கும், கணுக்கால் மூட்டு நழுவும், இதய நோயாளிக்கு அங்கேயே மாரடைப்பு வரலாம்.

ஆனால் தகவல் கிடைத்துவிடுகிறதே?

கதையில் கிடைக்கிறது, ஏனென்றால் கதையில் பிடிபடுபவன் எப்போதும் சரியான ஆள். அவனுக்குத் தகவல் தெரியும், அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கும். இந்த மூன்றும் நிஜத்தில் ஒன்றுசேர்வது அரிது. வலி தாங்காதவன் வலியை நிறுத்த எதை வேண்டுமானாலும் சொல்வான். எதுவும் தெரியாதவன் இன்னும் அதிகமாகச் சொல்வான். தெரியாது என்று அவன் சொல்வது உண்மையா, நெஞ்சழுத்தமா என்று அடிப்பவனுக்கு விளங்காது. அதனால் அடி கூடும். கடும் பயத்தில் நினைவாற்றலும் குழம்பும் என்பதால், உண்மை சொல்ல நினைப்பவனே தேதியையும் தெருவையும் மாற்றிச் சொல்லக்கூடும். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ 2001க்குப் பிறகு கைதிகளிடம் கையாண்ட கொடூர விசாரணை முறைகளை செனட் உளவுக் குழு ஆராய்ந்தது. 2014 டிசம்பரில் வெளியிட்ட சுருக்க அறிக்கையில், தகவல் பெற அவை பயனுள்ள வழியாக இருக்கவில்லை என்றே முடிவு சொன்னது.

நல்ல கதைகள் இதை மறைப்பதில்லை. 2008இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்தில் போலீஸ் விசாரணை அறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பேட்மேன் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு வில்லன் ஜோக்கரை நொறுக்குகிறான். ஜோக்கர் சிரித்துக்கொண்டே தான் கடத்திய இருவர் இருக்கும் முகவரிகளைத் தருகிறான், ஆட்களை மாற்றி. பேட்மேன் தான் நேசிக்கும் ரேச்சலைத் தேடிப் போன இடத்தில் அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் இருக்கிறான், ரேச்சல் இறக்கிறாள். அதே படத்தில் மாஃபியா தலைவன் மரோனியை மாடியிலிருந்து போட்டுக் காலை உடைத்தும் உருப்படியாக ஒன்றும் கிடைப்பதில்லை. உன்னிடம் விதிகள் இருக்கின்றன, ஜோக்கரிடம் இல்லை, அதனால் எவனும் அவனைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்கிறான் மரோனி. ‘வாட்ச்மென்’ காமிக்ஸின் முதல் அத்தியாயத்தில் முகமூடி நாயகன் ரோர்ஷாக் ஒரு மதுக்கடையில் ஒருவனின் விரல்களை ஒவ்வொன்றாக ஒடிக்கிறான். அங்கிருக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. விரல் ஒடிந்ததுதான் மிச்சம்.

வெடிகுண்டு வெடிக்கப் போகிறது, ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடுகிறது. அப்போதுமா கூடாது?

இந்தக் கேள்விக்கு நிஜ வழக்கே ஒன்று இருக்கிறது. 2002இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டான். பணத்தை எடுத்துச் சென்றவனைப் போலீஸ் பிடித்தது. சிறுவன் உயிரோடு இருக்கலாம் என்ற நம்பிக்கையில் நகரக் காவல்துறையின் துணைத் தலைவர், சொல்லாவிட்டால் தாங்க முடியாத வலி வரும் என்று அவனை மிரட்டும்படி உத்தரவிட்டார். அவனை யாரும் சித்திரவதை செய்யவில்லை, மிரட்டினார்கள். அவன் இடத்தைச் சொன்னான். சிறுவன் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தான்.

2004இல் ஜெர்மன் நீதிமன்றம் அந்த அதிகாரியையும் மிரட்டிய காவலரையும் குற்றவாளிகள் என்றது. மிக லேசான தண்டனைதான் கிடைத்தது, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, அந்த மிரட்டல் மனிதத்தன்மையற்ற நடத்தைதான், குழந்தையைக் காப்பாற்றும் நோக்கம்கூட அதை நியாயமாக்காது என்று தீர்ப்பளித்தது. அதிகாரிகளுக்குக் கொடுத்த தண்டனை போதாது என்றும் சொன்னது.

அந்த அதிகாரியின் தவிப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் நீதிமன்றம் சொன்னதே சரி என்று நினைக்கிறோம். விதிவிலக்கை அனுமதித்தால், அடுத்த அறையில் இருப்பவன் தவறான ஆளாக இருக்கும்போதும் அதே அவசரமும் அதே நம்பிக்கையும் அப்படியேதான் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த அதிகாரி தன் உத்தரவைத் தானே கோப்பில் எழுதி வைத்தார், அதனால்தான் விசாரணைக்கு உள்ளானார். முகமூடி அணிந்தவன் அந்தப் பொறுப்பையும் ஏற்பதில்லை.

கொல்ல மாட்டேன் என்ற விதி எங்கிருந்து வந்தது?

பேட்மேன் தொடங்கியபோது அந்த விதி இல்லை. 1939 மே தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில், முதல் கதையிலேயே வில்லன் அமிலத் தொட்டியில் விழுகிறான். இப்படிப்பட்டவனுக்குத் தகுந்த முடிவு என்று பேட்மேன் சொல்லிவிட்டுப் போகிறான். 1940இல் வந்த ‘பேட்மேன்’ முதல் இதழில் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான். அதற்குப் பிறகுதான் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், பேட்மேன் கொல்லவும் கூடாது, துப்பாக்கி தூக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வாசகர்கள் பெரும்பாலும் சிறுவர்கள் என்பது ஒரு காரணம். ஜோக்கர் போன்ற நல்ல வில்லனைக் கொன்றுவிட்டால் அடுத்த மாதம் கதைக்கு எங்கே போவது என்பதும் ஒரு காரணம்.

1954இல் பதிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை இதை இன்னும் இறுக்கியது. நன்மை எப்போதும் வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும், காவல்துறையையும் நீதிபதிகளையும் மரியாதை குறையும்படி காட்டக் கூடாது. மார்வெல் 2001இலும் டிசி 2011இலும் அதைக் கைவிட்டன. வியாபாரத்தில் பிறந்த விதி என்பதால் அது மட்டமாகிவிடாது. பின்னால் வந்த எழுத்தாளர்கள் அதற்குள் உண்மையான நம்பிக்கையை ஊற்றி நிரப்பிவிட்டார்கள்.

ஜோக்கரை முதலிலேயே கொன்றிருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும்?

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1988இல் பேட்மேனின் இளம் துணைவன் ராபினாக வந்த இரண்டாமவன் ஜேசன் டாட் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று டிசி நிறுவனம் வாசகர்களிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர், வித்தியாசம் 72. ஜோக்கரின் கையால் ஜேசன் இறந்தான். பிற்காலக் கதைகளில் உயிரோடு திரும்பி வரும் ஜேசன் பேட்மேனிடம் கேட்பதும் இதையேதான்: என்னைக் கொன்றவனை ஏன் விட்டுவைத்தாய்?

எங்கள் பதில் இரண்டு பகுதி கொண்டது. ஜோக்கர் குண்டை வெடிக்கப் போகும் கணத்தில் அவனைக் கொன்றுதான் தடுக்க முடியும் என்றால், தடுக்கலாம். அங்கே ‘கொல்ல மாட்டேன்’ என்று பிடிவாதம் பிடிப்பது தன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கவலைதான். ஆனால் கைவிலங்கு மாட்டிய ஜோக்கரைக் கொல்வது வேறு. அவனைத் திரும்பத் திரும்பத் தப்பவிடுவது ஆர்க்கம் மனநலச் சிறை. பூட்டு சரியில்லை என்றால் பூட்டை மாற்ற வேண்டும். அத்தனை கோடிகள் வைத்திருக்கும் புரூஸ் வெய்ன், அதாவது முகமூடி இல்லாத பேட்மேன், அதற்கு என்ன செய்தார் என்று கேட்பதே பொருத்தமான கேள்வி.

‘உன்னைக் கொல்ல மாட்டேன், ஆனால் காப்பாற்ற வேண்டிய அவசியமும் இல்லை’ என்பது செல்லுமா?

‘பேட்மேன் பிகின்ஸ்’ முடிவில், பாய்ந்து ஓடும் ரயிலில் வில்லன் ராஸ் அல் கூலை விட்டுவிட்டுப் பறக்கும்போது பேட்மேன் சொல்வதன் சாரம் இது. பொதுவாக அமெரிக்கச் சட்டத்தில், ஆபத்தில் இருக்கும் அந்நியரைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற கடமை கிடையாது. அந்த ஆபத்தை உண்டாக்கியவர் நீங்களே என்றால் கடமை வந்துவிடும். அந்த ரயில் பாதையின் தூணைத் தகர்த்தது போலீஸ் அதிகாரி கார்டன். தகர்க்கச் சொன்னது பேட்மேன். நகரத்தைக் காப்பாற்றத் தூணைத் தகர்த்ததை நியாயப்படுத்தலாம். ஆனால் ‘நான் எதுவும் செய்யவில்லை’ என்று கை கழுவ முடியாது.

மயங்கி விழ மட்டும் அடித்தால் பாதுகாப்பானதுதானே?

இது அப்பட்டமான தவறான நம்பிக்கை. இதைப் படம் பார்த்து நம்புகிறவர்கள் இருப்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

தலையில் அடிபட்டு நினைவிழப்பவர் பெரும்பாலும் சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ விழிப்பார். அரை மணி நேரத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தால், லேசான மூளைக்காயம் என்ற வகையைத் தாண்டிவிட்டார் என்று மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். படத்தில் காவலாளி ஒரு மணி நேரம் கிடந்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டே எழுந்து போவார். நிஜத்தில் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஒரே குத்தில் இறந்துபோகிறவர்கள் பலரைக் கொல்வது குத்து அல்ல. நினைவிழந்து, கையை ஊன்றிக்கொள்ள முடியாமல் விழும்போது பின்மண்டை சிமென்ட் தரையில் மோதுவதுதான். கையைப் பின்னால் கட்டிக் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை அழுத்தினால் மூச்சுத் திணறிச் சாகலாம். கட்டியே ஆக வேண்டுமென்றால், கட்டியவுடன் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

காப்பாற்றும் செயலுமே கொல்லும். 1973இல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழில், பாலத்திலிருந்து விழும் காதலி க்வென் ஸ்டேசியின் காலை வலையால் பிடித்து ஸ்பைடர்மேன் நிறுத்துகிறான். கழுத்தருகே ‘படக்’ என்ற ஒலியைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 மீட்டர் விழுந்தவரின் வேகம் மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர். அவரை 30 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் உடல் தாங்க வேண்டிய விசை புவியீர்ப்பைப்போல் 100 மடங்குக்கு மேல். அதையே 10 மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் 4 மடங்குதான், பிழைத்துவிடுவார். அவளைத் தள்ளிவிட்ட வில்லன் கிரீன் காப்ளினைவிட அந்த வலையின் விறைப்புதான் க்வெனுக்கு எமனாயிற்று.

பயம் குற்றத்தைக் குறைக்காதா?

குற்றவாளிகள் மூடநம்பிக்கை பிடித்த கோழைகள் என்று நினைத்துத்தான் 1939இல் புரூஸ் வெய்ன் வௌவால் வேடத்தைத் தேர்ந்தெடுக்கிறான். 1764இலேயே இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா சொன்னதும் பிற்காலக் குற்றவியல் ஆய்வுகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதும் வேறு: தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைவிட, பிடிபடுவது எவ்வளவு நிச்சயம் என்பதே ஆளைத் தடுக்கும். அப்படிப் பார்த்தால் பேட்மேனின் பலம் எந்த மூலையிலும் தோன்றிவிடுவான் என்ற எண்ணத்தில் இருக்கிறது. எலும்பை முறிப்பதால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சமே. அதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது: நாம் பாதி தானியங்கித் துப்பாக்கி தூக்கினால் குற்றவாளிகள் முழுத் தானியங்கி வாங்குவார்கள் என்று கார்டன் எச்சரிக்கிறாரே, அந்த விலை.

கட்டிப்போட்டு, பக்கத்தில் சான்றையும் வைத்துவிட்டுப் போகிறான். நீதிமன்றத்தில் என்ன ஆகும்?

1921இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பர்டோ எதிர் மெக்டொவல் வழக்கில் ஒரு வழி திறந்துவைத்தது: அரசுக்குத் தொடர்பில்லாத தனி ஆள் திருடிக்கொண்டு வந்த ஆவணத்தைக்கூட அரசுத் தரப்பு பயன்படுத்தலாம். ஸ்பைடர்மேன் தன்னிச்சையாக எடுத்துக் கொடுத்த கணக்குப் புத்தகம் இதன்படி தப்பிக்கும்.

பேட்மேனின் நிலைமை வேறு. 1942இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 60ஆம் இதழில் வௌவால் விளக்கு முதன்முதலாக வந்தது. பிற்காலக் கதைகளில் அது காவல் தலைமையகத்தின் மாடியில் நிற்கிறது. ஆணையரே அதை ஏற்றி அவனைக் கூப்பிடுகிறார். அப்படிக் கூப்பிட்டு வேலை கொடுத்தால் அவன் அரசின் கையாள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார், வாதம் வலுவாகவே இருக்கும். அது நிலைத்தால், வாரன்ட் இல்லாமல் உடைத்த அலமாரியும் மாடியில் தொங்கவிட்டு வாங்கிய வாக்குமூலமும் தள்ளுபடி ஆகும். அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று 1936இலேயே பிரவுன் எதிர் மிசிசிப்பி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அதில் சாட்டையால் அடிக்கப்பட்டவர்கள் மூன்று கறுப்பினத் தொழிலாளர்கள். ஒருவரைக் கயிறு கட்டி மரத்தில் தொங்கவிடவும் செய்தார்கள்.

அடுத்தது சாட்சிக் கூண்டு. தனக்கு எதிரான சாட்சியை நேரில் பார்த்துக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் தருகிறது. முகமூடியோடு, பெயர் சொல்லாமல் வந்து நிற்பவரை எப்படி விசாரிப்பது? ஹீரோ வராவிட்டால் வழக்கு ஓட்டையாகும். அடிவாங்கியவன் விடுதலையாகிப் போவான்.

வொண்டர் வுமனின் உண்மைக் கயிறு வலிக்காதே?

வலிக்காது. ஆனால் கட்டப்பட்டவரை உண்மை பேச வைக்கும் அந்தக் கயிறு மனத்தின் கதவை உடைக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாத உரிமை அங்கே போய்விடுகிறது. வொண்டர் வுமனை உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையை வடிவமைத்த உளவியலாளர். 1923இல் ஃப்ரை வழக்கில் அந்தச் சோதனையைச் சான்றாக ஏற்க வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. நினைவையே அழிப்பது இதைவிடக் கொடுமை. 2004இல் வந்த ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ கதையில் மந்திரக்காரி ஸடானா, வில்லன் டாக்டர் லைட்டின் மனத்தை மாற்றியமைக்கிறாள்; தடுக்க வந்த பேட்மேனின் நினைவையும் அழிக்கிறாள்.

தமிழில் வந்த நாயகர்கள்?

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் நமக்கு அறிமுகப்படுத்திய பிரிட்டிஷ் நாயகர்கள் இருவரை இங்கே சேர்க்கலாம். இரும்புக்கை மாயாவி மூலக் கதையில் குற்றவாளியாகத் தொடங்கியவர். ஸ்பைடர் குற்ற உலகின் அரசனாக ஆசைப்பட்டவன். இருவரும் பிறகு நல்ல பக்கம் வந்தாலும் கையாளும் வழிகள் அதிகம் மாறவில்லை. ரசித்துப் படித்த நமக்கு அது உறுத்தவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சூப்பர்ஹீரோ கதை எழுதுகிறேன். தொங்கவிடாமல் தகவல் வாங்குவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் விசாரணையாளர் ஹான்ஸ் ஷார்ஃப், பிடிபட்ட அமெரிக்க விமானிகளிடம் ஒரு அடி அடிக்காமல் தகவல் எடுத்தார். கைதியைப் பற்றிச் சேகரிக்க முடிந்ததையெல்லாம் முதலில் சேகரிப்பார். பிறகு அவரோடு நடக்கப் போவார், சாதாரணமாகப் பேசுவார். தனக்கு எல்லாமே தெரியும் என்பதுபோல் கதை சொல்லிக்கொண்டே போய், ஓரிடத்தில் வேண்டுமென்றே தவறாகச் சொல்வார். கைதி தன்னை அறியாமல் திருத்துவார். தேவையான விவரம் அந்தத் திருத்தத்தில் இருக்கும்.

உங்கள் ஹீரோவுக்கும் இதையே கொடுங்கள். சந்திப்புக்கு முன் கணக்குப் புத்தகம், தொலைபேசிப் பட்டியல், குப்பைத்தொட்டி என்று அவன் தேடும் காட்சி ஒன்று வேண்டும். அடியாளுக்குத் தன் முதலாளியிடம் என்ன மனக்குறை என்று கண்டுபிடியுங்கள்: தராத கூலி, சிறைக்குப் போன தம்பி. பேச்சில் ஒரே ஒரு தவறான பெயரை வையுங்கள்; கேள்வி கேட்காமல் அவனே திருத்தும்வரை காத்திருங்கள். கிடைத்த தகவலை வேறொரு வழியில் சரிபார்த்த பிறகே ஹீரோ கதவை உடைக்கட்டும். இப்படி எழுதினால் பக்கம் கூடும், ஓவியருக்குப் பறக்கும் காட்சி ஒன்று குறையும். அந்த அடியாளுக்குக் கதையில் ஒரு பெயரும் வந்துவிடும்.